விளக்கு எரிந்துவிட்டால் வேலை முடிந்ததா? மின் தொழில்நுட்பப் பயிற்சிக்கு ஏன் ஆண்டுக்கணக்கு பிடிக்கிறது

ஒரு விளக்கு, ஒரு ஸ்விட்ச், இரண்டு வயர். வயரிங்கில் இதைவிட எளிய சர்க்யூட் கிடையாது. இதை இரண்டு விதமாக இணைக்கலாம். ஸ்விட்ச்சை பேஸ் வயரில் (மின்னழுத்தம் வரும் வயர்) போடலாம், நியூட்ரல் வயரிலும் (மின்னோட்டம் திரும்பிப்போகும் வயர்) போடலாம். எப்படிப் போட்டாலும் ஸ்விட்ச்சைத் தட்டினால் விளக்கு எரியும், திரும்பத் தட்டினால் அணையும். பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் நியூட்ரலில் ஸ்விட்ச் போட்டிருந்தால், விளக்கு அணைந்த பிறகும் ஹோல்டருக்குள் 230 வோல்ட் நின்றுகொண்டேயிருக்கும். பல்பு மாற்ற ஏணியில் ஏறுபவர் "ஸ்விட்ச்சை அணைத்துவிட்டேன்" என்ற நம்பிக்கையில் அங்கே கைவைப்பார்.

சில வாரங்களில் எலக்ட்ரீசியன் ஆகிவிடலாம் என்று சொல்லும் விளம்பரங்கள் ஏராளம். முறையான பயிற்சிகளோ வேறு கணக்குச் சொல்கின்றன. இந்தியாவின் ஐடிஐ எலக்ட்ரீசியன் படிப்பு 2 ஆண்டு. ஜெர்மனியில் தொழிற்பள்ளியும் வேலையிடமும் சேர்ந்த பயிற்சி மூன்றரை ஆண்டு. ஆஸ்திரேலியாவில் வழக்கமாக 4 ஆண்டு, அமெரிக்காவில் 4 முதல் 5 ஆண்டு. ஸ்விட்ச் மாட்டக் கற்க இத்தனை ஆண்டா என்று சேர நினைப்பவர்களுக்குக் குழப்பம் வருவது இயல்புதான். இணைப்பதற்கு அத்தனை காலம் தேவையில்லை, அதைச் சில வாரங்களில் கற்றுவிடலாம். இணைத்தது சரியா என்று கண்டுபிடிக்கவும், சரி என்று அளந்து காட்டவும் கற்பதற்குத்தான் ஆண்டுகள் போகின்றன. இந்தத் தொழிலில் பல தவறுகள் வேலை செய்துகொண்டே ஒளிந்திருக்கும்.

## முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம்

எலக்ட்ரீசியன் என்பவர் கட்டடத்திலோ தொழிற்சாலையிலோ மின் இணைப்புகளை நிறுவுபவர், பராமரிப்பவர். டெக்னீஷியன் என்ற சொல் பெரும்பாலும் இயந்திரங்கள், கண்ட்ரோல் பேனல்கள், அளவீடு, பழுது கண்டறிதல் பக்கம் சாய்ந்தவரைக் குறிக்கும். பொறியாளர் வடிவமைப்பையும் கணக்கீட்டையும் செய்பவர். நடைமுறையில் முதல் இரண்டுக்கும் இடையே கோடு மங்கலானது. ஒரே ஆள் காலையில் கேபிள் இழுப்பார், மாலையில் பேனலில் பழுது தேடுவார்.

பெயரைவிடக் காகிதங்களில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மூன்று வகைக் காகிதங்கள் இருக்கின்றன:

1. பயிற்சிச் சான்றிதழ். ஒரு பாடத்திட்டத்தை முடித்தீர்கள், தேர்வில் தேறினீர்கள் என்பதற்கான சான்று. கொடுப்பது பயிற்சி நிலையம் அல்லது தேர்வு வாரியம்.
2. உரிமம். மின் வேலையைச் சட்டப்படி செய்யவும் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடவும் அரசு அமைப்பு தரும் அனுமதி. சான்றிதழோடு அனுபவக் காலத்தையும் பல இடங்களில் கேட்பார்கள். ஒரு நாட்டின் உரிமம் இன்னொரு நாட்டில் அப்படியே செல்லுபடியாவது அரிது.
3. பணியிட அங்கீகாரம். குறிப்பிட்ட ஆலையில், குறிப்பிட்ட மின்னழுத்த அளவு வரை, இந்த வேலைகளைச் செய்யலாம் என்று நிறுவனம் எழுதித் தருவது. வேலையிடம் மாறினால் இது கூட வராது.

முதலாவது கையில் இருப்பதால் இரண்டாவதும் வந்துவிட்டது என்று எண்ணிச் சேர்பவர்கள் நிறைய. பணம் கட்டுவதற்கு முன்பே, "இந்தச் சான்றிதழை உரிமம் தரும் அமைப்பு ஏற்கிறதா?" என்று அந்த அமைப்பிடமே கேட்பது நல்லது. பயிற்சி நிலையத்தின் வாய்ச்சொல் போதாது.

## அடிப்படை: மூன்று அளவுகள், ஓர் உடல்

மின்னழுத்தம் தள்ளும் விசை, வோல்ட்டில் சொல்வோம். மின்னோட்டம் ஓடும் அளவு, ஆம்பியரில். மின்தடை அதைத் தடுப்பது, ஓமில். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம். ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்ட இந்த உறவை எல்லா மாணவரும் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிடுவார்கள். அதைத் தன் உடம்பின் மீது போட்டுப் பார்க்க வைப்பது நல்ல பயிற்சி.

ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு, 230 வோல்ட்டில், உடலின் மின்தடையைத் தோராயமாக 1000 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். தோல் ஈரமாக இருந்தால் இன்னும் குறையும். 230-ஐ 1000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். இது உடலுக்கு என்ன செய்யும்?

- சுமார் 0.5 மில்லி ஆம்பியரில் சுருக்கென்று உணர்வு தெரியும்.
- சுமார் 10 மில்லி ஆம்பியரில் தசைகள் இறுகும். பிடித்த வயரை விட நினைத்தாலும் கை விடாது.
- 30 மில்லி ஆம்பியரைத் தாண்டி, சில நொடிகள் நீடித்தால் மூச்சும் இதயத்துடிப்பும் சீர்குலையும் ஆபத்து தொடங்குகிறது.

ஒரு 9 வாட் எல்இடி பல்பு இழுக்கும் மின்னோட்டமே ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியர். ஓர் உயிரைப் பறிக்க அவ்வளவு போதும். "சின்ன லைட் கனெக்‌ஷன்தானே" என்ற பேச்சுக்கு இந்தத் தொழிலில் இடமில்லாததற்குக் காரணம் இந்த எண்தான்.

## எம்சிபி இருக்கிறதே, பிறகென்ன பயம்?

மின்னோட்டம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் ஸ்விட்ச்தான் எம்சிபி. பெரும்பாலானோர் மனதில் அது உயிர் காக்கும் கருவி. உண்மையில் அது கேபிளைக் காக்கும் கருவி. 16 ஆம்பியர் எம்சிபி என்றால் 16,000 மில்லி ஆம்பியர் வரை அது தாராளமாக விடும். மனிதர் தாங்கும் அளவு அதில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை.

சரி, எர்த் (பாடியைப் பூமியோடு இணைக்கும் வயர்) இருந்தால்? இங்கேதான் ஒரு கணக்கைப் பொறுமையாகப் போட வேண்டும். ஒரு மோட்டாரின் உள்ளே பேஸ் வயரின் இன்சுலேஷன் தேய்ந்து, இரும்பு பாடியில் உரசிவிட்டது. பாடிக்கு எர்த் கொடுத்திருக்கிறது. மின்னோட்டம் பாடி, எர்த் வயர், பூமி, டிரான்ஸ்பார்மர் என்று சுற்றித் திரும்புகிறது. இந்தச் சுற்றுப்பாதை முழுவதன் மின்தடை 1 ஓம் என்றால் 230 ஆம்பியர் பாயும். 16 ஆம்பியர் எம்சிபி கண் இமைப்பதற்குள் விழும், அதாவது டிரிப் ஆகித் துண்டித்துவிடும். பி வகை எம்சிபி தன் அளவின் 3 முதல் 5 மடங்கிலும், சி வகை 5 முதல் 10 மடங்கிலும் உடனடியாக டிரிப் ஆகும்படி செய்யப்பட்டவை. அப்படியானால் 16 ஆம்பியர் பி வகை நிச்சயமாக உடனே விழ 80 ஆம்பியர் வேண்டும், சி வகைக்கு 160 ஆம்பியர் வேண்டும்.

இப்போது எர்த் குழி காய்ந்துபோய், சுற்றுப்பாதையின் மின்தடை 20 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். 230-ஐ 20-ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர். எம்சிபிக்கு இது சாதாரண லோடு. அது விழவே விழாது. மோட்டாரும் ஓடிக்கொண்டிருக்கும். எர்த் வயர் பச்சை நிறத்தில் ஒழுங்காக, இறுக்கமாக மாட்டியிருக்கும். பாடியில் மட்டும் ஆபத்தான மின்னழுத்தம் யாராவது தொடும்வரை நிற்கும்.

30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியின் தேவை இங்கே புரியும். பேஸில் போன மின்னோட்டம் நியூட்ரலில் முழுமையாகத் திரும்புகிறதா என்று அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில் ஒழுகினால், சாதாரண வகை 0.3 நொடிக்குள் துண்டித்தாக வேண்டும். மேலே சொன்ன 11.5 ஆம்பியர் கசிவில் அது இன்னும் வேகமாக, ஒரு நொடியின் சிறு பகுதியிலேயே விழும்.

அதற்கும் எல்லைகள் உண்டு. ஒருவர் ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்து, பூமியோடு தொடர்பில்லாமல் நின்றால், ஆர்சிசிபியின் கண்ணுக்கு அவர் இன்னொரு பல்பு. போனது எல்லாம் திரும்பி வருவதால் அது விழாது. அப்புறம், அதிலுள்ள டெஸ்ட் பட்டன் கருவியின் உள் அமைப்பை மட்டும்தான் சோதிக்கிறது. எர்த்தே இல்லாத கட்டடத்திலும் அந்தப் பட்டனை அழுத்தினால் டிரிப் ஆகும். அதைக் காட்டி "எர்த் நன்றாக இருக்கிறது" என்று சொல்பவர் பயிற்சியில் இந்தப் பாடத்தைத் தவறவிட்டவர்.

## வேலை செய்துகொண்டே ஒளிந்திருக்கும் தவறுகள்

1. லூஸ் கனெக்‌ஷன். ஒரு டெர்மினலில் ஸ்க்ரூ முழுதாக இறுகவில்லை, அல்லது செம்புக்கு பதில் இன்சுலேஷனைக் கடித்துக்கொண்டிருக்கிறது. அந்த இணைப்பில் அரை ஓம் மின்தடை. அதன் வழியாக 10 ஆம்பியர் ஓடினால் இழப்பு 5 வோல்ட்தான், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் அங்கே உண்டாகும் வெப்பம்: மின்னோட்டத்தின் வர்க்கம் பெருக்கல் மின்தடை, 100 பெருக்கல் 0.5, அதாவது 50 வாட். ஒரு சால்டரிங் அயர்னை மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் மணிக்கணக்கில் சூடாக்கி வைத்தால் எப்படியோ அப்படி. எம்சிபிக்கு 10 ஆம்பியர் இயல்பான அளவு, விழாது. பூமிக்குக் கசிவு இல்லை, ஆர்சிசிபியும் விழாது. ஸ்க்ரூவை எத்தனை நியூட்டன் மீட்டரில் இறுக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் அச்சிட்டுக் கொடுப்பதும், டார்க் ஸ்க்ரூடிரைவர் என்ற கருவி இருப்பதும் இதற்காகத்தான்.

2. நியூட்ரல் அறுந்தால். "நியூட்ரலில் ஷாக் அடிக்காது, அது முக்கியமில்லை" என்பது பரவலான எண்ணம். மூன்று பேஸ் இணைப்பில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 வோல்ட், இரண்டு பேஸ்களுக்கு இடையே 400 வோல்ட். பொது நியூட்ரல் எங்கோ அறுந்துவிட்டால், இரண்டு பேஸ்களில் இருக்கும் லோடுகள் வரிசையாகக் கோத்ததுபோல் ஆகி அந்த 400 வோல்ட்டைப் பங்குபோட்டுக்கொள்ளும். ஒரு பக்கம் 2000 வாட் ஹீட்டர், சுமார் 26 ஓம். மறுபக்கம் 100 வாட் குண்டு பல்பு, சுமார் 529 ஓம். அதிக மின்தடை உள்ளதற்கு அதிகப் பங்கு போகும்: பல்புக்கு ஏறத்தாழ 380 வோல்ட், ஹீட்டருக்கு 20 வோல்ட்கூட இல்லை. பல்பு இருந்த இடத்தில் ஒரு கணினி இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அறுந்த நியூட்ரலின் முனையும் லோடு வழியாக பேஸோடு தொடர்பில் இருப்பதால், தொட்டால் ஷாக் அடிக்கும்.

3. நிறத்தை நம்புவது. ஐரோப்பிய முறையில் கறுப்பு ஒரு பேஸ், நீலம் நியூட்ரல். பிரிட்டனில் 2004 வரை கறுப்பு நியூட்ரல், நீலம் ஒரு பேஸ். அமெரிக்காவில் கறுப்பு பேஸ், வெள்ளை நியூட்ரல். பழைய வயரிங்கோடு புதியது சேரும் இடத்தில் ஒரே பெட்டிக்குள் ஒரே நிறம் இரண்டு பொருள் தரும். போதாக்குறைக்கு, கையில் கிடைத்த நிறத்தை இழுத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. வயரின் நிறம் ஒரு தகவல், அவ்வளவுதான். மீட்டர் வைத்துப் பார்க்காமல் அதை முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

4. கேபிள் அளவு. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிள் எத்தனை ஆம்பியர் தாங்கும்? ஒற்றைப் பதில் கிடையாது. திறந்த சுவரில் போகிறதா, குழாய்க்குள்ளா, இன்னும் எட்டு கேபிள்களோடு கட்டாகவா, சூடான கூரைக்கு அடியிலா என்பதைப் பொறுத்து மாறும். சாதாரண பிவிசி இன்சுலேஷன் உள்ளே 70 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும்; அந்த எல்லையிலிருந்துதான் கணக்கே தொடங்குகிறது. தூரமும் சேரும்: இதே கேபிளில் 16 ஆம்பியரை 30 மீட்டர் கொண்டுபோனால், போக வர 60 மீட்டர், சுமார் 6.6 வோல்ட் வழியிலேயே போய்விடும்.

## இறந்த (மின்சாரம் இல்லாத) சர்க்யூட் என்று எப்படித் தெரியும்?

இந்தப் பகுதியில் ஆசிரியர் எவ்வளவு கண்டிப்பாக இருக்கிறார் என்பதை வைத்தே ஒரு பயிற்சி நிலையத்தை எடைபோட்டுவிடலாம் என்பது என் கருத்து.

நியான் டெஸ்டரை எடுத்துக்கொள்வோம். ஸ்க்ரூடிரைவர் வடிவில் பையில் செருகிக்கொள்ளும் அதே கருவி. அதில் விளக்கு எரிய வேண்டுமானால் மிகச் சிறிய மின்னோட்டம் உங்கள் உடல் வழியாகப் பூமிக்குப் போக வேண்டும். நல்ல ரப்பர் செருப்பு, உலர்ந்த மர ஏணி, பளீரென்ற வெயில்: மூன்றும் சேர்ந்தால் பேஸில் வைத்தாலும் ஒளி கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். எரிந்தால் மின்சாரம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எரியாவிட்டால் எதுவுமே நிரூபணமாகவில்லை.

டிஜிட்டல் மல்ட்டிமீட்டருக்கு வேறு குணம். அதன் உள் மின்தடை வழக்கமாக 10 மெகா ஓம் அளவு. பக்கத்தில் ஓடும் லைவ் கேபிளின் தூண்டலால், எங்கும் இணைக்காத வயரில்கூட அது பத்து, ஐம்பது, நூறு வோல்ட் என்று காட்டும். புதியவர் அதைப் பார்த்து மணிக்கணக்கில் இல்லாத பழுதைத் தேடுவார். குறைந்த உள் மின்தடை கொண்ட இருமுனை வோல்டேஜ் டெஸ்டரை வைத்தால் அந்தப் போலி வோல்ட் நொடியில் மறைந்துவிடும்.

மல்ட்டிமீட்டர் ஆளையே காயப்படுத்துவதும் உண்டு. மின்னோட்டம் அளக்க சிவப்பு லீடை ஆம்பியர் துளையில் செருகியிருப்பார். அளந்து முடித்ததும் மறந்துவிட்டு, அதே நிலையில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வோல்ட் பார்க்க வைப்பார். ஆம்பியர் துளையின் உள் மின்தடை கிட்டத்தட்ட பூஜ்யம். நேரடி ஷார்ட் சர்க்யூட். மீட்டருக்குள் தரமான ஃபியூஸ் இருந்தால் அது போகும். இல்லையென்றால் மீட்டர் கையிலேயே வெடிக்கும். மீட்டரின் மேல் கேட் 2, கேட் 3, கேட் 4 என்று அச்சிட்டிருப்பது அழகுக்கு இல்லை. பிளக்கில் மாட்டும் சாதனங்களுக்கு கேட் 2, கட்டடத்தின் விநியோகப் பேனலுக்கு கேட் 3, வெளியிலிருந்து சப்ளை நுழையும் இடத்துக்கு கேட் 4. நுழைவாயிலை நெருங்க நெருங்க, தவறு நேர்ந்தால் பாயும் ஆற்றல் கூடும்.

ஆகவே சோதனைக்கென ஓர் ஒழுங்கு உண்டு. முதலில், லைவ் என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் டெஸ்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, வேலை செய்யப்போகும் இடத்தில். மூன்றாவதாக, மறுபடியும் அந்த லைவ் இடத்தில். நடுவில் டெஸ்டர் கெட்டுப்போயிருந்தால் மூன்றாவது சோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

இந்தச் சோதனை, ஐரோப்பாவில் பயிற்சியின் முதல் நாட்களிலேயே சொல்லித் தரப்படும் ஐந்து விதிகளில் நடுவில் வருகிறது:

1. எல்லாப் பக்கங்களிலிருந்தும் சப்ளையைத் துண்டி.
2. வேறு யாரும் திரும்பப் போடாதபடி பூட்டு.
3. மின்சாரம் இல்லை என்று சோதித்து உறுதிசெய்.
4. எர்த் செய்து, வயர்களை ஒன்றோடொன்று ஷார்ட் செய்.
5. பக்கத்தில் லைவாக இருக்கும் பகுதிகளை மூடு அல்லது தடுப்பு வை.

குறைந்த மின்னழுத்த வேலைகளில் நான்காவது எப்போதும் தேவைப்படாது. உயர் மின்னழுத்தத்தில் அது இல்லாமல் கைவைக்கவே கூடாது. இரண்டாவது விதியில்தான் நடைமுறையில் அதிகமாகக் கோட்டைவிடுகிறார்கள். மெயினை அணைத்துவிட்டு மேலே ஏறுகிறார் ஒருவர், கீழே வந்த இன்னொருவர் "ஏன் கரண்ட் இல்லை?" என்று போட்டுவிடுகிறார். ஒரு பூட்டும், சாவி வேலை செய்பவரின் பையிலேயே இருப்பதும் போதும், இதைத் தடுக்க.

## ஆண்டுகள் எதில் கழிகின்றன?

முதல் சில மாதங்கள் கைப்பழக்கத்துக்குப் போகும். கேபிளின் தோலை உரிக்கும்போது பிளேடு செம்பில் படக் கூடாது. பட்டால் மெல்லிய கீறல் விழும். வளைக்கும்போது கம்பி அந்த இடத்தில் முறியும், சில மாதம் கழித்து, பெட்டியை மூடிய பிறகு. கிரிம்பிங் செய்யும்போது, அதாவது லக் என்ற உலோக முனையைக் கேபிளில் அழுத்திப் பொருத்தும்போது, லக்குக்கு ஏற்ற டை (அழுத்தும் அச்சு) வேண்டும். பெரிய டையில் அழுத்தினால் பார்க்க நன்றாக இருக்கும், இழுத்தால் கையோடு வரும். இவற்றை வீடியோ பார்த்து வரவழைக்க முடியாது. கோட்பாடு, வரைபடம் வாசித்தல், கணக்கு ஆகியவற்றை இணையவழியில் நன்றாகவே கற்கலாம். ஸ்க்ரூ இறுகிய உணர்வு விரலுக்கு வர, விரல்தான் பழக வேண்டும்.

பிறகு மூன்று பேஸ், மோட்டார், கண்ட்ரோல் சர்க்யூட் என்று போகும். மோட்டார் நேரடியாகத் தொடங்கும்போது இயல்பு அளவின் 5 முதல் 8 மடங்கு மின்னோட்டம் இழுக்கும். குறைந்த மின்னழுத்தத்தில் தொடங்கி, பிறகு முழு மின்னழுத்தத்துக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா முறையில் அது மூன்றில் ஒரு பங்காகக் குறையும், ஆனால் தொடக்க முறுக்குவிசையும் மூன்றில் ஒரு பங்காகிவிடும். முழுச் சுமையோடு கிளம்ப வேண்டிய இயந்திரத்துக்கு இந்த முறை பெரும்பாலும் ஒத்துவராததற்கு இதுதான் காரணம்.

இவை எல்லாவற்றிலும் நேரம் பிடிப்பது பழுது கண்டறிதல். ஒரு காட்சி: ஸ்டார்ட் பட்டனை அழுத்தியிருக்கும்வரை மோட்டார் ஓடுகிறது, விரலை எடுத்தால் நின்றுவிடுகிறது. பயிற்சி இல்லாதவர் மோட்டாரைக் கழற்றுவார். பயிற்சி பெற்றவர் இப்படி யோசிப்பார்:

1. மோட்டார் ஓடுகிறது. அப்படியானால் பவர் சர்க்யூட், மோட்டார், காண்டாக்டர் (மோட்டாருக்கு சப்ளையை இணைக்கும் மின்காந்த ஸ்விட்ச்) காயில், ஓவர்லோடு ரிலே (மோட்டார் அதிக மின்னோட்டம் இழுத்தால் நிறுத்துவது), ஸ்டாப் பட்டன் எல்லாமே சரி.
2. விரலை எடுத்த பிறகு காயிலுக்கு சப்ளை கொடுக்க வேண்டியது, ஸ்டார்ட் பட்டனுக்கு இணையாக இருக்கும் 13-14 எண் துணைத் தொடர்பு. அது அல்லது அதற்குப் போகும் வயர் தன் வேலையைச் செய்யவில்லை.
3. பட்டனை ஒருவர் அழுத்திப் பிடித்திருக்க, காண்டாக்டர் பக்க 13, 14 டெர்மினல்களுக்கு இடையே வோல்ட் அளந்தால் எதுவும் தெரியாது; பட்டனே இணைப்புக் கொடுத்துவிடுவதால் எப்படியும் பூஜ்யம் காட்டலாம். ஆகவே சப்ளையைத் துண்டித்து, பூட்டி, சோதித்து, வயரைக் கழற்றி, காண்டாக்டரைக் கையால் அழுத்தி, தொடர்பின் கண்டினியூட்டி (மின்பாதை அறுபடாமல் இருக்கிறதா என்பது) பார்க்க வேண்டும். பிறகு வயருக்கு.

ஒரு பொருளையும் கழற்றும் முன்பே சந்தேகம் ஒரு தொடர்பு, இரண்டு வயர் என்று சுருங்கிவிட்டது. மூன்றாவது படியைக் கவனியுங்கள்: எங்கே அளந்தால் பதில் கிடைக்காது என்று தெரிந்திருப்பதும் திறமைதான். இப்படி நூறு பழுதுகளைப் பார்த்தவருக்குத்தான் நூற்றொன்றாவது பழுது பிடிபடும். பிரிட்டனில் எலக்ட்ரீசியன் பயிற்சியின் முடிவில் வரும் ஏஎம்2 செய்முறைத் தேர்வில் பழுது கண்டறிதலுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது.

## ஒப்படைக்கும் முன்: சோதனைத் தாள்

வேலை முடிந்து சப்ளை கொடுப்பதற்கு முன்பும் பின்பும் செய்யும் சோதனைகளுக்கு வரிசை உண்டு. ஐஇசி 60364 என்ற சர்வதேசத் தரநிலையின் ஆறாம் பகுதி இதைத்தான் பேசுகிறது. சுருக்கமாக:

1. கண்ணால் பார்த்துச் சரிபார்ப்பு.
2. சப்ளை இல்லாமல், எர்த் வயர் தொடக்கத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை தொடர்ச்சியாக இருக்கிறதா என்ற கண்டினியூட்டி சோதனை.
3. இன்சுலேஷன் சோதனை. மெகர் என்ற இன்சுலேஷன் அளக்கும் கருவியால் 500 வோல்ட் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) செலுத்தி அளக்க வேண்டும். 230/400 வோல்ட் சர்க்யூட்டில் குறைந்தது 1 மெகா ஓம் வர வேண்டும். புதிய வயரிங்கில் இதைவிடப் பல மடங்கு வருவதே இயல்பு.
4. போலாரிட்டி: ஸ்விட்ச் எல்லாம் பேஸில்தான் இருக்கிறதா.
5. சப்ளை கொடுத்த பின், எர்த் சுற்றுப்பாதை மின்தடையும் ஆர்சிசிபி எத்தனை மில்லி நொடியில் விழுகிறது என்பதும்.

வரிசை மாறக் கூடாததற்குக் காரணம் உண்டு. எர்த் தொடர்ச்சி உறுதியாகாமல் சப்ளை கொடுத்தால், மறைந்திருக்கும் கசிவு பாடியில் ஏறி நிற்கும். தொடக்கத்தில் சொன்ன விளக்குத் தவறு நான்காவது படியில் பிடிபடும். காய்ந்த எர்த் குழியின் 20 ஓம் ஐந்தாவது படியில் எண்ணாகவே தாளில் வந்துவிடும். ஒவ்வொரு சோதனையின் முடிவையும் எண்ணாக எழுத வேண்டும். "சரி" என்று டிக் மட்டும் போட்ட தாள், மூன்று ஆண்டு கழித்து அளப்பவருக்கு எதையும் சொல்லாது. 200 மெகா ஓம் இருந்தது 5 மெகா ஓம் ஆகியிருந்தால் இரண்டுமே தேறிய எண்கள்தான், ஆனால் இன்சுலேஷன் சீரழிகிறது என்பதை அந்த இறக்கம் காட்டிவிடும்.

## பாடத்திட்டம் நீள்வதற்குப் புதிய காரணங்கள்

சோலார் பேனல்மேல் வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கும்வரை அதன் முனைகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். அணைக்க ஸ்விட்ச் கிடையாது. மேலும் அது டிசி. 50 ஹெர்ட்ஸ் ஏசி (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்) நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைக் கடப்பதால் தீப்பொறி தானாக அணைய வாய்ப்புண்டு. டிசியில் அந்த இடைவெளி இல்லை. தீப்பொறி பிடித்தால் தொடர்ந்து எரியும். ஏசிக்கான ஸ்விட்ச்சை அங்கே போடக் கூடாது.

மின்வாகன சார்ஜரில் டிசி கசிவு வரலாம். சாதாரண ஏ வகை ஆர்சிசிபிக்கு 6 மில்லி ஆம்பியருக்கு மேலான சீரான டிசி போனாலே அதன் காந்த உணரி மந்தமாகிவிடும், உண்மையான கசிவு வந்தாலும் விழாமல் போகலாம். அங்கே பி வகை ஆர்சிசிபி, அல்லது 6 மில்லி ஆம்பியர் டிசியை உணரும் தனி அமைப்பு வேண்டும்.

மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்களில், 400 வோல்ட் சப்ளை உள்ளே சுமார் 565 வோல்ட் டிசியாக மாறிக் கெப்பாசிட்டர்களில் தேங்கும். மெயினை அணைத்த பிறகும் சில நிமிடங்கள் அது அங்கேயே இருக்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று டிரைவின் மேலேயே எழுதியிருப்பார்கள். காத்திருந்த பிறகும் டிசி முனைகளை அளந்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

## சேரும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. மொத்த நேரத்தில் செய்முறைக்கு எவ்வளவு? ஒரு பயிற்சிப் பலகைக்கு எத்தனை மாணவர்? பத்துப் பேர் சுற்றி நின்று ஒருவர் செய்வதைப் பார்ப்பது செய்முறை ஆகாது.
2. மெகர், லூப் டெஸ்டர் (எர்த் சுற்றுப்பாதை மின்தடையை அளப்பது), ஆர்சிசிபி டெஸ்டர் இருக்கின்றனவா, மாணவர் கையில் கொடுக்கிறார்களா? கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தால் இருந்தும் இல்லாத மாதிரிதான்.
3. வேண்டுமென்றே பழுது வைத்த பலகை இருக்கிறதா? அதில் எத்தனை பழுதுகளைத் தனியாகக் கண்டுபிடித்த பிறகு தேர்ச்சி தருகிறார்கள்?
4. பூட்டும் டேக்கும் (எச்சரிக்கை அட்டை) பயன்படுத்துவது அன்றாட வழக்கமா, சுவரில் ஒட்டிய போஸ்டரா? பயிற்சிக்கூடத்துக்குள் ஐந்து நிமிடம் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.
5. பயிற்சியின் பின்பகுதியில், உரிமம் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் உண்மையான வேலையிடத்தில் எத்தனை மாதம்? அந்த மாதங்களை உரிமம் தரும் அமைப்பு அனுபவமாகக் கணக்கில் எடுக்கிறதா?
6. முந்தைய அணி மாணவர்கள் தம் கையால் நிரப்பிய சோதனைத் தாள் ஒன்றைக் காட்ட முடியுமா? அதில் எண்கள் இருக்கின்றனவா, டிக்குகள் மட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.